துணைக்கு வந்த குழலோசை

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பிரார்த்தனை மண்டபத்தில் பழைய மாணவிகளான சகோதரிகள் இருவர் ஆற்றிய உரை)



இந்த உரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பவள் இளையவள். மூத்தவள் முன்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறாள். ஒரு காலத்தில் இந்த மேடையில் விவாதப் போட்டிகளில் எதிரணியைத் திணறடித்தவள் அவள்தான். இப்போது பத்து நிமிடம் நின்றால் களைத்துவிடுகிறாள். ஆகவே குரல் ஒருத்தியுடையது, சொல் இருவருடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிழையாக எதையாவது வாசித்தால் முன்வரிசையிலிருந்து திருத்தம் வரும்.

சங்கத்தினர் எங்களை அழைத்தபோது, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவிகளின் சாதனை பற்றிப் பேசும்படி கேட்டார்கள். எங்களுக்குச் சொல்லும்படியாகச் சாதனை ஒன்றுமில்லை. ஒருத்தி கிளாஸ்கோ நகரில் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தாள், மற்றவள் பாடசாலைச் சமையற்கூடமொன்றை நடத்துகிறாள். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் எங்களுக்குத் துணையாக வந்த ஒன்றைப் பற்றிச் சொல்லலாம் என்றோம். அது ஒரு வாத்தியம், ஸ்கொட்லாந்துக்காரரின் பாக்பைப். அவர்கள் பேசாமல் இருந்தார்கள். பிறகு "சரி, அதையே சொல்லுங்கோ" என்றார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1987 ஐப்பசி மாதம். மூத்தவளுக்கு வயது 15, இளையவளுக்கு 12. ஊர் முழுவதும் ஊரடங்கு. அப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு போய்விட்டார். விடியற்காலையில் தெரு சற்று அடங்கியிருந்த சிறு நேரத்துக்குள், அயலில் இருந்த நான்கு ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பறை இல்லை. சுண்ணம் இடிக்கவில்லை. அம்மாவின் வாயை மாமி தன் சேலைத் தலைப்பால் பொத்திப் பிடித்திருந்தா, சத்தம் வெளியே கேட்டுவிடும் என்ற பயத்தில்.

எங்கள் ஊர் வழக்கம் இந்த மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிடுவோம். அதற்குப் பிறகு எங்களுக்கு இருப்பது காது மட்டுமே. பறைச் சத்தம் சந்தியில் கேட்கும், பிறகு கோயிலடியில், பிறகு வயல்வெளியில், பிறகு இல்லை. அது இல்லாமல் போகும் இடத்தில்தான் "போய்ச் சேர்ந்தாச்சு" என்று பெரியவர்கள் சொல்லித் தலை முழுக எழும்புவார்கள். (பறை அடித்தவர்களை அந்தத் தொழிலுக்குள் பிறப்பால் கட்டிப்போட்ட அநியாயத்தை நாங்கள் மறந்துவிட்டுப் பேசவில்லை. அவர்களில் பலர் அதைக் கைவிட்டது முற்றிலும் நியாயம். எங்கள் காதுக்கு அது என்னவாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.) அப்பா போன காலை அந்தச் சத்தம் இல்லாததால், அவர் எப்போது போய்ச் சேர்ந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. படலையில் நின்றபடியே இருந்தோம். யாரும் எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

1995 இடப்பெயர்வு, வன்னி, கொழும்பு, பிறகு ஒருத்திக்குக் கலியாணம், மற்றவளுக்கு விசா. இந்தக் கதை உங்களில் பலருடைய கதைதான். அதைக் கடந்து போகிறோம்.

அம்மா 2021 இல் காலமானா. கொரோனாக் காலம், பயணத் தடைகள். எங்களால் வர முடியவில்லை. கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் வழியாகப் பார்த்தோம். படம் அடிக்கடி உறைந்து நின்றது. இம்முறை பறை இருந்ததாம். ஆனால் அந்தச் சிறிய கருவி பெரிய சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுகிறது. மனிதர் கதைப்பது மட்டுமே கேட்டது. "ஆர் ஆர் சுடலைக்குப் போறது, கணக்கு எடுங்கோ" என்று ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. நாங்கள் இருந்ததோ மூன்றாம் மாடி. கீழே முதிய தம்பதியர், மேலே ஒரு மாணவன். வாய்விட்டு அழ முடியவில்லை. எங்களில் ஒருத்தி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். மற்றவள் அழவேயில்லை. அதுதான் பிறகு பயமாக இருந்தது.

அந்த நாட்களில் நாங்கள் மாலையில் கெல்வின்குரோவ் பூங்காவில் நடப்போம். ஒருநாள் மரங்களுக்கு அப்பாலிருந்து பாக்பைப் கேட்டது. அந்த நாட்டில் அதைக் கேட்காமல் வாழ முடியாது. பட்டமளிப்பு, கலியாணம், சுற்றுலாப் பயணிகள் நிற்கும் தெருமுனை, எல்லாவற்றிலும் உண்டு. எடின்பரோக் கோட்டையில் 1950 முதல் நடக்கும் இராணுவ இசைவிழாவில் கடைசியாகக் கோட்டை மதிலில் ஒருவர் தனியே நின்று ஊதுவார். அதையெல்லாம் 20 வருடமாகக் கேட்டிருந்தும் எங்களுக்குப் பிடித்ததில்லை. தலையிடி தரும் சத்தம் என்றே சொல்லுவோம். அன்று ஒரு வயதானவர் வீட்டுக்குள் ஊத முடியாமல் பூங்காவுக்கு வந்து மெதுவான ஏதோ ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். இளையவள் ஒரு வாங்கில் இருந்துவிட்டாள். அம்மாவுக்காக அவள் அழுதது அங்கேதான். அந்தச் சத்தத்துக்குள் ஒருவர் அழுவது வெளியே கேட்காது.

மூத்தவள் வேறு விதமாகக் கேட்டாள். அவள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் நான்காந் தரம் வரை சித்தியடைந்தவள். இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சங்கீத அறையில் படித்தவள். "இது ஒத்தோடை ஊதுற நாதஸ்வரமெல்லோ" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பாக்பைப்பில் விரல் வைத்து வாசிக்கும் குழல் ஒன்று. அதைச் சாண்டர் என்பார்கள். தோளில் சாய்ந்து நிற்கும் மற்ற மூன்று குழல்களும் ஒரே சுரத்தை விடாமல் ஒலிப்பவை. அவற்றுள் இரண்டு ஒரு ஸ்தாயி கீழே, பெரியது இரண்டு ஸ்தாயி கீழே. எங்கள் மேளக்கச்சேரியில் ஒத்து ஊதுபவர் கன்னம் உப்ப நின்று செய்யும் வேலையை அவை செய்கின்றன. சாண்டரில் மொத்தம் 9 சுரங்கள்தான். ஏறக்குறைய அரிகாம்போதியின் சுரங்கள், அவற்றோடு கீழே ஒரு நிஷாதம், அவ்வளவே. 1972 இல், அதாவது மூத்தவள் பிறந்த ஆண்டில், ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவொன்றின் பாண்ட் வாசித்துப் பிரித்தானியாவில் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்த 'அமேசிங் கிரேஸ்' மெட்டு, சுரம் போட்டுப் பார்த்தால் மோகனம்.

அந்த வாத்தியத்தின் உயிர் பையில் இருக்கிறது. ஊதுபவர் வாயால் பையை நிரப்புகிறார், இடக்கையால் அதை அணைத்து அமுக்குகிறார். அவர் மூச்செடுக்க வாயை விலக்கும்போது கை அமுக்குவதால் சத்தம் நிற்பதில்லை. தொடங்கினால் முடியும் வரை இடையில் மௌனமே இல்லை. கூட்டிக் குறைத்து ஊதவும் முடியாது. ஒரே சுரத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டுமானால் இடையில் விரலால் வேறொரு சுரத்தை மின்னல்போலத் தட்டித்தான் பிரிக்க வேண்டும். அந்தத் தட்டல்கள்தான் விக்கல்போலக் கேட்கின்றன.

செத்தவீட்டில் பெண்கள் வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்லியதைப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்களோ தெரியாது. ஒருத்தி சொல்லி மூச்சுக்கு நிறுத்தும் இடத்தில் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்வாள். அழுகை அறுந்துபோகாது. எங்கள் அம்மம்மா அதில் பேர்போனவ. அம்மாவுக்கு நாங்கள் இருவர்தான் இருந்தோம், வட்டத்துக்கு ஆள் காணாது. அந்தப் பை அந்த வேலையைச் செய்தது.

2022 செப்ரெம்பர் 19 ஆந் திகதி இரண்டாம் எலிசபெத் மகாராணியின் இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். விடுமுறை விட்டிருந்தார்கள், வேறு வேலையில்லை. விக்ரோரியா மகாராணி 1843 இல் ஏற்படுத்திய அரச குழலூதுநர் பதவியில் அப்போது இருந்தவர் போல் பேர்ன்ஸ். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் உயரத்தே நின்று தாலாட்டுப்போன்ற ஒரு மெட்டை ஊதினார். பிறகு ஊதிக்கொண்டே திரும்பி உள்ளே நடந்து போனார். ஆள் மறைந்தார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, இன்னும் கேட்கிறதா என்று ஆலயம் முழுவதும் காது கொடுத்திருந்தது, பிறகு இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 35 வருடத்துக்குப் பிறகு படலையில் நின்று அந்தத் தேய்தலை முழுதாகக் கேட்டோம். பக்கத்து வீட்டு முதியவள் வந்தபோது எங்கள் கண்கள் வீங்கியிருந்தன. மகாராணியிடம் இவ்வளவு பக்தியா என்று அவள் நெகிழ்ந்துபோய் கேக் கொண்டுவந்து தந்தாள். அதைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை. கேக்கும் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இளையவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். வயது 47. முதலில் பையைத் தரமாட்டார்கள். பயிற்சிச் சாண்டர் என்று ஒரு தனிக் குழல், மெல்லிய சத்தம், மாதக்கணக்கில் அதுதான். எங்கள் ஆசிரியர் ஓய்வுபெற்ற தபாற்காரர். முதல் மாதம் எங்கள் வீட்டில் கேட்டது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருந்ததாக மூத்தவள் எழுதச் சொல்கிறாள். இருக்கட்டும்.

ஒருநாள் இளையவள் அவரிடம் 'வனத்தின் பூக்கள்' என்ற பெயருடைய அந்தப் பழைய இரங்கலிசையைக் கற்பிக்கும்படி கேட்டாள். 1513 இல் பிளடன் போரில் நான்காம் ஜேம்ஸ் மன்னரும் பெருந்தொகையான ஸ்கொட்லாந்தியரும் மடிந்ததற்கான இரங்கல் அது. அவர் தலையாட்டிவிட்டார். இறுதிச் சடங்கிலும் நினைவு நாளிலும் தவிர அதைப் பொதுவில் ஊதுவதில்லை என்ற வழக்கத்தை அங்கே பலர் கடைப்பிடிக்கிறார்கள். மூத்தவள் இதைக் கேட்டுச் சிரித்தாள். நாங்கள் சிறுமியராக முற்றத்தில் ஒப்பாரி சொல்லி விளையாடியதற்கு அம்மம்மா ஈர்க்குக்கட்டோடு துரத்தியது நினைவு வந்ததாம்.

2023 தையில் மூத்தவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொன்னார்கள். சத்திரசிகிச்சை, பிறகு மூன்று கிழமைக்கு ஒருமுறையாக ஆறு தடவை மருந்தேற்றல், பிறகு கதிர்ச்சிகிச்சை. இங்கே இருப்பவர்களில் சிலர் இந்தப் பாதையில் நடந்திருக்கிறீர்கள், விபரம் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். மருந்தேற்றும் கதிரையில் மணித்தியாலக் கணக்கில் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ளவர்கள் படம் பார்ப்பார்கள், பின்னல் பின்னுவார்கள். அவளுக்குத் தேவாரம் கேட்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் அம்மாவின் குரல் வந்து நின்றது. சினிமாப் பாட்டு எரிச்சலாக இருந்தது. பீப்ரொக் கேட்டாள்.

பீப்ரொக் என்பது பாக்பைப்பின் பெரிய இசை. கேலிக் மொழியில் அதற்குப் பெயரே 'பெரிய இசை' என்பதுதான். அணிவகுப்பும் நடனமும் சின்ன இசை. முதலில் ஊர்லார் என்று ஒரு மெட்டு மிக ஆறுதலாக வரும். அந்தச் சொல்லுக்குத் தரை என்று பொருள். அதன் மேல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றங்கள் ஏறிக்கொண்டே போகும், விரல்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு வரும், முடிவில் மீண்டும் அதே தரை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். "நாலு கேட்டால் ஒரு போத்தில் முடிஞ்சிடும்" என்பாள். அவள் அடிக்கடி கேட்டது 'பிள்ளைகளுக்கான இரங்கல்'. 17 ஆம் நூற்றாண்டில் ஸ்கை தீவில் மக்லியொட் குலத் தலைவரின் பரம்பரைக் குழலூதுநராக இருந்த பற்றிக் மோர் மக்ரிமன் ஆக்கியதாகச் சொல்வார்கள். அவருக்கு எட்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள் என்றும் ஒரே ஆண்டுக்குள் அம்மை நோயில் ஏழு பேரை இழந்தார் என்றும் மரபுக் கதை. அந்தக் குடும்பங்கள் இசையை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஹிஹாரின், ஹொட்ரோஹோ என்று வாயால் சொல்லிக் கொடுத்தார்கள், எங்கள் தவிற்காரர் சொற்கட்டுச் சொல்லிக் கொடுப்பதுபோல. தலைமயிர் கொட்டிய நாட்களில் மூத்தவள் கட்டிலில் கிடந்து அந்தச் சொற்களை முணுமுணுப்பாள். தாதி ஒருத்தி அது தமிழ் மந்திரம் என்று நினைத்தாளாம்.

அவளுக்கும் ஊதிப் பார்க்க ஆசை வந்தது. வைத்தியர் வேண்டாம் என்றார். 2016 இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த செய்தியையும் சொன்னார். தினமும் பாக்பைப் ஊதிய ஒருவரின் நுரையீரல் அழற்சியைத் தேடிப்போனபோது, ஈரமான பைக்குள் பூஞ்சணம் வளர்ந்திருந்ததைக் கண்டார்களாம். அவர் இறந்துவிட்டார். நோயெதிர்ப்பு இறங்கிய உடம்பு அதற்குக் கிட்டவும் போகக் கூடாது. அதனால் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். இளையவள் அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துச் சாண்டர் ஊதுவாள். மூத்தவள் கட்டிலில் இருந்து ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல "ஆ" என்பாள். ஒத்து அவள்தான். அவளுக்கு மூச்சு முட்டும் இடத்தில் சாண்டர் போய்க்கொண்டிருக்கும். சாண்டர்க்காரி மூச்செடுக்க நிற்கும் இடத்தில் அவள் குரல் இருக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகு ஒரு வசந்தத்தில் எடின்பரோவில் உள்ள டீன் மயானத்துக்குப் போனோம். கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். ஹெக்ரர் மக்டொனால்ட் என்ற படைத் தளபதியின் கல்லறை அங்கே இருக்கிறது. ஏழைக் குடியானவன் மகனாகப் பிறந்து சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து தளபதியானவர். 1902 இல் எங்கள் இலங்கைக்குத்தான் படைத் தலைவராக அனுப்பப்பட்டார். கொழும்பில் அவர்மேல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இராணுவ விசாரணைக்கு முகங்கொடுக்கும்படி பணிக்கப்பட்ட நிலையில், 1903 பங்குனி 25 இல் பாரிஸில் ஒரு விடுதி அறையில் தன்னைத்தானே சுட்டு இறந்தார். உடலை எடின்பரோவுக்குக் கொண்டுவந்து அதிகாலையில், மரியாதை அணிவகுப்பு எதுவுமின்றிப் புதைத்தார்கள். பிறகுதான் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கல்லறையைத் தேடி வந்தார்கள். ஜேம்ஸ் ஸ்கொட் ஸ்கின்னர் என்ற வயலின் கலைஞர் அவருக்காக ஒரு இரங்கல் மெட்டை அமைத்தார். இன்று அது குழலூதுபவர் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. சத்தமில்லாமல் விடியற்காலை கொண்டுபோகப்பட்ட ஒருவருக்குப் பிறகு வந்துசேர்ந்த இசை. அந்தக் கல்லுக்கு முன்னால் நாங்கள் எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னோம். அது அந்நியரின் மயானம், நாங்கள் செய்தது சரியா என்று தெரியவில்லை. யாரும் தடுக்கவில்லை.

இந்த வருடச் சித்திரையில் எடுத்த ஸ்கானில் முதுகெலும்பில் ஒரு புள்ளி தெரிகிறது. திரும்பிப் போனதும் அடுத்த சிகிச்சை. வைத்தியர் பயணத்துக்கு அனுமதி தர யோசித்தார். நூற்றாண்டு ஒருமுறைதான் வரும் என்று மூத்தவள் சொன்னாள்.

போன கிழமை எங்கள் பழைய வீட்டுக்குப் போனோம். இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், தேத்தண்ணி தந்தார்கள். பொழுதுபட்ட நேரம் அனுமதி கேட்டுப் படலையில் நின்றோம். தகரப் படலை இப்போது இரும்புக் கேற்றாகிவிட்டது. இளையவள் கைப்பையில் இருந்த பயிற்சிச் சாண்டரை எடுத்து ஹெக்ரரின் மெட்டை ஊதினாள். மூத்தவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு ஒத்துப் பிடித்தாள். ஊதியபடியே இளையவள் சந்தி வரை நடந்தாள், பிறகு கோயிலடி வரை. மூத்தவள் படலையிலேயே நின்று, கேட்காமல் போகும் வரை கேட்டாள்.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு ஆச்சி வேலிக்கு வந்து நின்றா. எங்களை மட்டுக்கட்டவில்லை. கண் பார்வை குறைந்துவிட்டது.

"ஆர் பிள்ளையள்? நாயனச் சத்தம் கேட்டுது. ஆற்றை வீட்டிலை கலியாணம்?"

"கலியாணமில்லை ஆச்சி. அப்பாவுக்கு" என்றோம்.

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு, "அண்டைக்கு ஒண்டும் அடிக்கேல்லை, என்ன" என்றா. அப்படியே படிக்கட்டில் குந்திக்கொண்டா. "இன்னொருக்கா ஊது பிள்ளை" என்றா.